நிழலுக்கு அஞ்சும் நெஞ்சமும் நிதானம் கற்பிக்கும் ஈமானும்

 



ஆங்கில மொழியில் ஒரு மரபுத்தொடர் உண்டு. இல்லாத ஆபத்தை இருப்பதாக எண்ணிப் பதறுகின்ற மனிதனை, ‘நிழல்களைக் கண்டு துள்ளுகின்றவன்’ என்று அம்மொழியினர் கூறுவர். இதே கருத்தை எமது மூத்தோர், ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று சொல்லி வைத்தனர். ஆங்கிலத் தொடர் துள்ளுகின்றவனை மட்டுமே காட்டுகின்றது. எமது பழமொழி அவன் ஏன் துள்ளுகின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றது. பேய் இருளில் இருந்து வருவதில்லை. ஏற்கெனவே அரண்டு போன கண்ணில் இருந்தே வருகின்றது.

அல்குர்ஆனும் இந்த நிலையை எடுத்துக் காட்டுகின்றது. ஸூரத்துல் முனாஃபிகூனின் 4ஆம் வசனம் நயவஞ்சகர்களின் உள்ளத்தைப் படம் பிடிக்கும்போது, எங்கே ஒரு சத்தம் எழுந்தாலும் அது தமக்கு எதிரானது என்றே அவர்கள் எண்ணுவார்கள் என்ற கருத்தைக் கூறுகின்றது. பயப்படுகின்ற ஒவ்வொருவரும் நயவஞ்சகர் என்பது இதன் பொருளாகாது. ஆயினும், எழுகின்ற ஒவ்வொரு சத்தத்தையும் தனக்கு எதிரான சத்தமாகக் கேட்பது ஆரோக்கியமான உள்ளத்தின் அடையாளம் அல்ல என்பதை இவ்வசனம் எமக்கு உணர்த்துகின்றது.

இதனை ஒரு மொழி விளக்கமாக மட்டும் கருதிக் கடந்து செல்ல வேண்டாம். நிழலுக்கு அஞ்சியதால் எமது நாட்டில் மனித உயிர்கள் பறிபோயுள்ளன. எமது திருகோணமலை மாவட்டமும் அந்த அச்சத்தின் கசப்பைச் சுவைத்துள்ளது.

அச்சம் ஓர் அமானிதம்

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். அச்சம் முற்றிலும் தீயதன்று. அது எம்மைப் பாதுகாப்பதற்காக அல்லாஹ் எம்முள் வைத்துள்ள ஓர் அமானிதம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை எமது கரையோரம் மறக்காது. அன்று இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை முறை எதுவும் இருக்கவில்லை. கடல் உள்வாங்கிய கரைகளில் அதனை வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் இருந்தனர். அஞ்ச வேண்டிய வேளையில் அஞ்ச வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கிண்ணியா வைத்தியசாலையைக் கூட அந்தக் கடல் விட்டுவைக்கவில்லை.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. இம்முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலங்களை நோக்கி ஓடினர். பேரலை வரவில்லை. அன்று ஓடியவர்கள் நிழலுக்கு அஞ்சியவர்கள் ஆவார்களா? ஒருபோதும் இல்லை. நிலநடுக்கம் உண்மை, எச்சரிக்கை பொறுப்பானவர்களிடமிருந்து வந்தது, ஓடியதால் எவருக்கும் அநீதி நேரவில்லை. அது அமானிதத்தைச் சரியாகப் பயன்படுத்திய அச்சம்.

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகளை அல்குர்ஆன் கூறுகின்றது. ஒன்றில், அவர்களது கைத்தடி அல்லாஹ்வின் ஆணையால் பாம்பாகி நெளிந்தது. அதைக் கண்டு அவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள் (28:31). மற்றையதில், சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகளும் தடிகளும் நெளிந்தோடுவன போல் அவர்களுக்குத் தோற்றமளித்தன. அப்போதும் தம் உள்ளத்தில் ஓர் அச்சத்தை உணர்ந்தார்கள் (20:66, 67). மக்கள் ஏமாந்துவிடுவார்களே என்ற அச்சம் அது என விளக்கும் விரிவுரையாளர்களும் உளர்.

சிந்தித்துப் பாருங்கள். முதல் நிகழ்வில் ஓர் அற்புதம் கண்முன் உண்மையாகவே நிகழ்ந்தது. இரண்டாவதில் கயிறு கயிறாகவே கிடந்தது. இரண்டிலும் அச்சம் வந்தது. ஆகவே, எமக்கு அச்சம் ஏற்பட்டுவிட்டது என்பதால் எதிரே ஆபத்து இருக்கின்றது என்று முடிவு செய்துவிட முடியாது. எது பாம்பு, எது கயிறு என்று பிரித்தறியும் ஆற்றல் அச்சத்துக்குக் கிடையாது. அந்த வேலைக்காகவே அல்லாஹ் எமக்கு அறிவைத் தந்துள்ளான்.

உடற்கூற்று அறிஞர்களும் இதனையே வேறு வார்த்தைகளில் விளக்குகின்றனர். மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற சிறிய பகுதி உண்டு. பாதாம் பருப்பின் வடிவம் கொண்டது. ஆபத்தைப் போன்ற ஏதேனும் தென்பட்டால், சிந்தனை வேலை செய்யத் தொடங்கும் முன்னரே அது உடலை உஷார்ப்படுத்துகின்றது. இதயம் படபடக்கின்றது, கால்கள் ஓடத் தயாராகின்றன. கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளுகின்றவனுக்குப் பெரிய நட்டம் இல்லை. பாம்பைக் கயிறென்று எண்ணி மிதிப்பவன் உயிரையே இழக்க நேரிடலாம். எனவேதான், தவறினாலும் பாதுகாப்பின் பக்கமாகத் தவறும்படி உடல் அமைக்கப்பட்டுள்ளது.

இரவில் இது மேலும் கூடுகின்றது. எமது கண்ணின் விழித்திரையில் பகல் வெளிச்சத்துக்குரிய கூம்புக் கலங்களும், மங்கிய ஒளிக்குரிய கோல் கலங்களும் உள்ளன. நேராக உற்றுப் பார்க்கும்போது பயன்படுகின்ற மையப் புள்ளியில் கோல் கலங்கள் இல்லை. ஆகவே, இருட்டில் ஒன்றை எவ்வளவு உற்றுப் பார்க்கின்றோமோ, அவ்வளவுக்கு அது மங்கி மறைகின்றது. ஓரக்கண்ணில் தெரிந்த உருவம், திரும்பி நேராகப் பார்த்தால் காணாமற் போகின்றது. வாழை மரத்தின் பின்னால் நின்ற ஒருவன் மாயமாய் மறைந்துவிட்டான் என்று ஒருவர் சத்தியம் செய்து சொல்வாராயின், அவர் பொய் சொல்கின்றார் என்று நாம் கூறத் தேவையில்லை. கண் அவ்வாறே அவருக்குக் காட்டியிருக்கலாம்.

2011 ரமழானில் நடந்தது என்ன?

இனி எமது சொந்த அனுபவத்துக்கு வருவோம். 2011 ஆகஸ்ட் மாதம், புனித ரமழான். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. அந்நாட்களில் நாடெங்கும் ஒரு பெயர் பரவியது. ‘கிறீஸ் பூதம்’ என்றனர். ‘மர்ம மனிதன்’ என்றனர்.

முற்காலத்தில் சில திருடர்கள், பிடித்தால் வழுக்கிச் செல்வதற்காக உடலில் கிறீஸ் பூசிக்கொண்டு வருவார்கள் என்ற கதை நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. அதற்குச் சில காலம் முன்பிருந்தே இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தைப் பகுதியில் வயதான பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட செய்திகளும் மக்களைக் கலங்கச் செய்திருந்தன. பழைய கதையும் புதிய கொலைச் செய்திகளும் ஒன்றாய்க் கலந்தன. மலையகத்தில் தொடங்கிய பீதி கிழக்குக்கும் வடக்குக்கும் பரவியது. வாய்க்கு வாய் மாறும்போது அந்த மனிதனுக்கு இரும்பு நகங்கள் முளைத்தன. காலணியில் சுருள்வில் பொருத்திக் கூரைக்குக் கூரை பாய்கின்றான் என்றும் சொல்லப்பட்டது.

ஒரு காலத்தில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு வருவதற்கு இயந்திரப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இல்தான் பாலம் திறக்கப்பட்டது. வதந்திக்கோ பாதையும் தேவைப்படவில்லை, பாலமும் தேவைப்படவில்லை. ஆண்கள் தராவீஹ் தொழுகைக்குச் சென்ற பின் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கதவடைத்துக் காத்திருந்தனர். இளைஞர்கள் தடிகளுடன் இரவுக் காவலில் நின்றனர். இபாதத்துக்குரிய இரவுகள் பீதிக்குரிய இரவுகளாயின.

அம்மாதத்தின் நடுப்பகுதியில் கிண்ணியாவில், துரத்தப்பட்ட மர்ம மனிதன் கடற்படை முகாமுக்குள் ஓடி மறைந்தான் என்ற பேச்சு எழுந்தது. மக்கள் முகாமின் முன் திரண்டனர். மோதல் மூண்டது. பலர் காயமுற்றனர்; பலர் கைதாயினர். ஹப்புத்தளைப் பகுதியில் கிறீஸ் பூதங்கள் என்று சந்தேகிக்கப்பட்ட இருவர் கும்பலால் கொல்லப்பட்டனர். புத்தளத்தில் ஆகஸ்ட் 21ஆம் திகதி எழுந்த கலவரத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் அதே வாரத்தில் படையினர் வீடுகளுக்குள் புகுந்து ஏராளமானோரை அடித்து இழுத்துச் சென்றனர்.

இங்கே நீதியாகப் பேச வேண்டும். அந்நாட்களில் பல ஊர்களில் பெண்கள் தாம் தாக்கப்பட்டதாகவும் காயமுற்றதாகவும் முறையிட்டனர். அவை அனைத்தும் கற்பனை என்று தள்ளிவிடும் உரிமை எமக்கில்லை. பீதி பரவும் காலத்தைத் திருடர்களும் தீயவர்களும் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வதுண்டு. முறையிட்டவர்களின் சொல்லை அமைதியாகக் கேட்டு, முறையாக விசாரித்திருக்க வேண்டும். அது நடைபெறும் என்ற நம்பிக்கை மக்களுக்கு இருக்கவில்லை. பூதம் எதுவும் இல்லை என்று அரசாங்கத் தரப்பு சொன்னது, மக்கள் நம்பவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் வதந்தியே செய்தியாகிவிடுகின்றது.

எமது மக்கள் அரண்டிருந்ததற்குக் காரணங்களும் இருந்தன. 2006 ஆகஸ்டில் மூதூரில் மூண்ட சண்டையில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்கு ஓடினர். அதற்கு முன் சுனாமி. அதற்கும் முன் பல ஆண்டு யுத்தம். உண்மையான ஆபத்தை மீண்டும் மீண்டும் கண்ட சமூகம் அது. பாம்பு கடித்தவன் கயிற்றைக் கண்டு பதறுவதை எவரும் பழிக்க முடியாது. ஆனால், அந்தப் பதற்றத்தில் அவன் அடுத்தவனை அடித்துவிட்டால், அதற்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இது எமக்கு மட்டும் உரிய நோயா?

இல்லை. 1837, 1838ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரில், சுருள்வில் காலணியோடு மதில்களைத் தாண்டிப் பாய்கின்ற மர்ம மனிதன் ஒருவன் பெண்களைப் பயமுறுத்துகின்றான் என்ற பீதி பரவி, மாநகர முதல்வர் வரை முறைப்பாடு சென்றது. காலணி, பாய்ச்சல், பெண்களின் அச்சம் யாவும் 2011இல் நாம் கேட்ட கதையை அப்படியே ஒத்திருக்கின்றன.

2001 மே மாதம் டில்லியில் ‘குரங்கு மனிதன்’ பீதி எழுந்தது. கடும் வெப்பமும் மின்வெட்டும் நிலவிய நாட்கள். மக்கள் மொட்டை மாடிகளில் உறங்கினர். ஒருவர் கூச்சலிட்டதும் மற்றவர்கள் இருட்டில் எழுந்து ஓடினர். மாடியிலிருந்தும் படிகளிலிருந்தும் விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. குரங்கு மனிதன் எவன் என்பது இறுதிவரை நிறுவப்படவில்லை. அவனைக் கண்டு ஓடியவர்களின் மரணங்கள் மட்டும் உண்மையாயின.

2018இல் இந்தியாவில் பிள்ளை பிடிகாரர்கள் வந்துள்ளனர் என்ற செய்தி வட்ஸ்அப் மூலம் பரவியது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் அவ்வாண்டு மே மாதம், தம் குலதெய்வக் கோவிலுக்குச் சென்ற வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அன்போடு நீட்டிய கை, அரண்டவர்களின் கண்ணுக்குப் பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்தது. இத்தகைய கொலைகள் தொடர்ந்ததன் பின்னரே, அந்நாட்டில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பிறரது நிழலச்சத்தால் நாம் பட்ட பாடு

சகோதர சகோதரிகளே! நிழலுக்கு அஞ்சுவதன் கொடுமையை எமது சமூகத்தை விட நன்றாக அறிந்தவர்கள் யார்?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் உணவில் ஒரு கட்டி தென்பட்டது. அது கருத்தடை மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. அந்த இரவிலேயே உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அதனைப் பரிசோதித்து, அது வெறும் மாவுக்கட்டி என்று அறிவித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அக்கலவரத்துக்கு உடனடிக் காரணம் வேறாயினும், அம்பாறையில் எழுந்த பொய் மக்களின் மனங்களை முன்கூட்டியே உலர வைத்திருந்தது. உலர்ந்த ஓலையில் பொறி விழுந்தது.

2020இல் கொரோனாத் தொற்றினால் மரணித்த எமது உறவினர்களின் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கப்பட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் வழியாக நோய் பரவும் என்று காரணம் கூறப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்திருந்தும் அது ஏற்கப்படவில்லை. கபனிட்டுத் தொழுகை நடத்தி மண்ணுக்குள் வைக்க முடியாமல் தாய்மாரும் தந்தைமாரும் கண்ணீர் வடித்தனர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்து, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்படலாயின. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களை அந்த மன்னிப்பு திருப்பித் தரவில்லை.

மாவுக்கட்டியை மாத்திரையாகக் கண்டவர்களாலும், அடக்கம் செய்யப்பட்ட உடலை நஞ்சாகக் கண்டவர்களாலும் நாம் துன்புற்றோம். அவ்வாறாயின், எமது தெருவில் இரவு நேரத்தில் வருகின்ற அறிமுகமற்ற மனிதனை நாம் எவ்வாறு நோக்க வேண்டும்? வியாபாரத்துக்கு வந்த வெளியூரான், வழி தவறிய முதியவர், மனநலம் குன்றிய ஏழை, மாற்று மதத்துச் சகோதரன் இவர்களில் எவரையும் ஊரார் சூழ்ந்து நிற்கும்போது, அன்று எமக்கு இழைக்கப்பட்ட அநீதி எம் கையால் மீண்டும் இழைக்கப்படலாம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அநீதியின் வலி தெரிந்தவனுக்கு, ‘எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு.

வரவேற்க வந்தவர்கள் தாக்க வந்தவர்களாகத் தெரிந்தபோது

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவடையுமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடுகின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை ஏற்படக் கூடாது என்பதே அதன் காரணமாகக் கூறப்படுகின்றது.

இவ்வசனத்தின் பின்னணியாக விரிவுரையாளர்கள் பலர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத் பெற்று வருவதற்காக ஒருவர் அனுப்பப்பட்டார். அவரது வருகையை அறிந்த அம்மக்கள் அவரை வரவேற்பதற்காகத் திரண்டு வந்தனர். தூரத்தில் கூட்டத்தைக் கண்ட அவருக்கு அச்சம் ஏற்பட்டது. பழைய பகை அவரது நினைவில் இருந்தது. தம்மைக் கொல்லவே வருகின்றார்கள் என்று எண்ணித் திரும்பி வந்து, அவர்கள் ஸகாத்தைத் தர மறுத்துவிட்டார்கள் என்று தெரிவித்தார். ஒரு படை செல்லும் நிலை உருவாகியது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது.

ஒரு மனிதரின் உள்ளத்தில் தோன்றிய அச்சம், செய்தியாக மாறி, படையாக மாறவிருந்தது. இடையில் நின்று தடுத்தது ஒன்றே ஒன்று: விசாரணை.

மதீனாவின் ஓர் இரவு

பீதி எழும் இரவில் ஒரு முஃமின் என்ன செய்ய வேண்டும்? இதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நேரடியான முன்மாதிரி உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

ஓர் இரவு மதீனாவில் திடீரெனப் பெருஞ் சத்தம் ஒன்று எழுந்தது. மக்கள் திடுக்குற்றனர். சத்தம் வந்த திசையை நோக்கிச் சிலர் புறப்பட்டனர். அவர்களுக்கு எதிரே நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம் கூடப் பூட்டாமல், கழுத்தில் வாளைத் தொங்கவிட்டபடி, எல்லோருக்கும் முன்பே சென்று பார்த்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம் என்று மக்களை அமைதிப்படுத்தினார்கள். அந்தக் குதிரையின் ஓட்டத்தைக் கடலுக்கு ஒப்பிட்டும் பேசினார்கள்.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று படிப்பினைகள் உள்ளன.

முதலாவது, வாள். அவர்கள் ஆபத்தே இருக்காது என்று அலட்சியம் செய்யவில்லை, தற்காப்போடு சென்றார்கள். நிதானம் என்பது அசட்டுத் துணிச்சல் ஆகாது.

இரண்டாவது, சத்தத்தின் திசை. வீட்டுக்குள் இருந்துகொண்டு, அது என்னவாக இருக்கும் என்று அவர்கள் ஊகிக்கவில்லை. உண்மை இருக்கும் இடத்துக்கே சென்று கண்டார்கள். அதுவும், பொறுப்பில் உள்ளவர் முதலில் சென்றார். ஊரின் பெரியவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, இளைஞர்களைத் தடியோடு இருட்டில் அனுப்புவது இந்த ஸுன்னாவுக்கு நேர்மாறானது.

மூன்றாவது, திரும்பி வந்து சொன்னமை. பலர் இதனை மறந்துவிடுகின்றோம். ஆபத்து என்ற செய்தியை நூறு பேருக்கு அனுப்பியவர், அது பொய் என்று தெரிந்த பின் அந்த நூறு பேருக்கும் அறிவிக்கின்றாரா? பெரும்பாலும் மௌனமாகிவிடுகின்றார். பரப்பிய அச்சம் பரவியபடியே இருக்கின்றது.

ஸூரத்துன் நிஸாவின் 83ஆம் வசனமும், அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி கிடைத்ததும் உடனே பரப்புகின்றவர்களைக் கண்டித்து, அதனை ஆய்ந்தறியும் தகுதியுள்ள பொறுப்பாளர்களிடம் சேர்ப்பிக்குமாறே வழிகாட்டுகின்றது.

பெற்றோர்களே!

பிள்ளை சோறு உண்ண மறுத்தால், ‘பேய் வருகின்றது’ என்கின்றோம். உறங்க மறுத்தால், ‘பொலிஸ்காரன் பிடித்துச் சென்றுவிடுவான்’ என்கின்றோம். அந்த நேரத்துக்கு அது பயன் தருகின்றது. ஆனால், இருட்டு என்றால் பேய், சீருடை என்றால் ஆபத்து என்ற பாடத்தை அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றது. உதவி தேவைப்படும் நாளில் அதே பொலிஸ்காரரிடம் செல்ல அது அஞ்சும். பயணம் ஒன்றின்போது உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரிடமிருந்து கயிறொன்றைச் சிலர் எடுக்க, அவர் திடுக்குற்று எழுந்தார். ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமைத் திடுக்குறச் செய்வது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது தடுத்தார்கள் (அபூதாவூத்). வளர்ந்த மனிதரை விளையாட்டாகப் பயமுறுத்துவதே கூடாதென்றால், பச்சிளம் பிள்ளையின் நிலை என்ன?

பிள்ளை உண்மையாகவே பயந்து வந்து நின்றால், ‘அது ஒன்றுமில்லை, போய்ப் படு’ என்று விரட்டாதீர்கள். கையைப் பிடித்துச் சென்று, விளக்கை ஏற்றி, அசைந்தது திரைச்சீலைதான் என்று காட்டுங்கள். காலை மாலைத் துஆக்களையும் ஆயத்துல் குர்ஸியையும் கற்றுக் கொடுங்கள். சத்தத்தின் திசைக்குச் சென்று பார்க்கும் ஸுன்னாவைப் பிள்ளை அந்த அறையிலேயே கற்றுக்கொள்ளும். அதேவேளை, எவரேனும் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பிள்ளை கூறினால், அதனைக் கற்பனை என்று ஒருபோதும் ஒதுக்காதீர்கள். அதனை விசாரிப்பது உங்கள் கடமை.

இளைஞர்களே!

உங்கள் கையிலுள்ள கைத்தொலைபேசி ஒரு மனிதனின் உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும். அச்சமூட்டும் செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை நேரில் கண்டவர் யார்? அவரை எனக்குத் தெரியுமா? இது எங்கே, எந்த நாளில் நடந்தது? இவற்றுக்கு விடை இல்லையெனில், அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்து (முஸ்லிம்). பார்த்ததையெல்லாம் பகிர்வதும் இதில் அடங்கும்.

சந்தேகத்துக்குரிய ஒருவரைக் கண்டால், 119 என்ற இலக்கத்தின் மூலம் பொலிஸாருக்கு அறிவியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கிராம உத்தியோகத்தரையும் அழையுங்கள். கடல், வெள்ளம், சூறாவளி தொடர்பான செய்தி என்றால், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை விசாரியுங்கள். ஒருவரைச் சூழ்ந்து கூட்டம் திரண்டுவிட்டால், அங்கே முதலில் ஓங்கும் கை உங்களுடையதாக இருக்க வேண்டாம். ‘அடிக்காதீர்கள், விசாரிப்போம்’ என்று முதலில் எழும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். அந்தக் குரலுக்கே அதிக வீரம் தேவை.

முடிவாக, எமது உள்ளத்துக்கு ஒரு வார்த்தை. நிழல் தோன்றுவதற்கு ஒளியும் வேண்டும். அதனை மறைக்கும் பொருளும் வேண்டும். நிழலை அடித்து எவரும் விரட்ட முடியாது. விளக்கை அருகே கொண்டு சென்றால், அது எதன் நிழல் என்பது தெரிந்துவிடும். விசாரணை என்பது அந்த விளக்கு. அல்லாஹ்வை மட்டுமே உண்மையாக அஞ்சுகின்ற உள்ளத்துக்கு, மற்ற அச்சங்கள் யாவும் அளவோடு நிற்கும்.

யா அல்லாஹ்! எமது அச்சங்களை அமைதியாக மாற்றுவாயாக. உண்மையை உண்மையாகவும் பொய்யைப் பொய்யாகவும் எமக்குக் காட்டித் தருவாயாக. எமது நாவுகளாலும் கைகளாலும் எந்த அப்பாவிக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. எமது மாவட்டத்தையும் நாட்டையும் எல்லாச் சமூகத்தவரும் அச்சமின்றி உறங்கும் பூமியாக ஆக்குவாயாக. ஆமீன்.